சொன்னால் கேட்காத நரம்புகள்

நம்முடைய உடம்பிலேயே நாம் சொன்னால் கேட்காத ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் நீண்டகாலம் எனக்குச் சோறு போட்ட தொழில்.

கையைத் தூக்க வேண்டும் என்று நினைத்தால் கை எழும்புகிறது. இதயத்திடம் கொஞ்சம் மெதுவாக அடி என்று சொல்லிப் பாருங்கள். வயிற்றிடம் பேசாமல் இரு என்று சொல்லிப் பாருங்கள். நாலு பேர் முன்னால் வியர்க்காதே என்று நெற்றிக்குக் கட்டளை போட்டால் முன்பைவிட அதிகமாக வியர்க்கும். இவற்றையெல்லாம் நம்மைக் கேட்காமலே நடத்துகிற நரம்புகளை இப்போது தமிழில் தன்னாட்சி நரம்புத் தொகுதி என்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் எங்களுக்கு அது ஒட்டோனோமிக் சிஸ்டம். அதற்கு இரண்டு பெரிய பிரிவுகள். சிம்பதெட்டிக் என்பது ஓடு, சண்டை பிடி என்று உடம்பை முடுக்கிவிடும் பிரிவு. பராசிம்பதெட்டிக் என்பது சாப்பிடு, செரி, ஆறுதலாக இரு என்று அடக்கிவைக்கும் பிரிவு.

நான் டொக்டருக்குப் படித்துப் பாஸ் பண்ணியவன்தான். ஆனால் நோயாளிகளிடம் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. எங்கே நோகிறது என்று கேட்டால் அவர்கள் மருமகளில் தொடங்குவார்கள். இறந்த உடம்புகள் அப்படிச் செய்வதில்லை. அதனால் டிஸ்பென்சரி எண்ணத்தை விட்டுவிட்டு, கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றுப் பாடத்தில் தவறியவர்களுக்கு டியூஷன் கொடுத்தேன். குடியிருந்தது வெள்ளவத்தையில். டியூஷன் கொடுத்துப் பிழைத்தவர்களுக்கு என் நிலைமை சொல்லாமலே விளங்கும். பாஸ் பண்ணினால் பிள்ளை கெட்டிக்காரன், தவறினால் வாத்தியார் சரியில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்து வகுப்பில் இரண்டு பேரை மறக்க முடியாது. ஒருவன் சபாநாதன், யாழ்ப்பாணத்துப் பையன். எதையும் மனப்பாடம் செய்துவிடுவான், ஒன்றும் விளங்காது. மற்றவன் ஹனிபா, கொட்டாஞ்சேனையில் ஊறுகாய்க் கடை வைத்திருந்த காதர் நானாவின் மகன். அவனுக்கு எல்லாம் விளங்கும். எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுப்பான். வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் முன்னால் உட்கார்ந்தவுடன் வாய் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ஒரு சொல் வராது. இன்னும் ஒரே ஒரு தடவைதான் அவனுக்கு இடமிருந்தது. அதிலும் தவறினால் கல்லூரியில் பெயரை வெட்டிவிடுவார்கள்.

சங்கிலியும் சாமியாரும்

சிம்பதெட்டிக் பிரிவைப் படிப்பிப்பது லேசு. முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும் கழுத்திலிருந்து வாலெலும்பு வரைக்கும் மணி கோத்த மாதிரி இரண்டு நரம்புச் சங்கிலிகள் தொங்குகின்றன. முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணின் நெஞ்சுப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேல் பகுதியிலிருந்தும் மட்டும் நரம்புகள் புறப்பட்டு இந்த மணிகளுக்கு வரும். பெரும்பாலானவை இங்கேயே அடுத்த நரம்பிடம் செய்தியைக் கொடுத்து ஆள் மாறி, பிறகு நீண்ட தூரம் போய் இதயத்தையும் இரத்தக் குழாயையும் வியர்வைச் சுரப்பியையும் சேரும். படத்தில் பார்த்தால் யாருக்கும் பிடிபடாது. ஆகவே மாணவர்கள் கைமாற்றி வந்த பழைய முள்ளந்தண்டு ஒன்றை வாங்கி, கம்பியில் கோத்து, இரண்டு பக்கமும் நூலில் மணி கட்டித் தொங்கவிட நினைத்தேன். யுத்தத்தினால் கடைகளில் கண்ணாடி மணி கிடைக்கவில்லை. ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலடியில் ருத்திராட்சம் கிடைத்தது. அளவும் பொருத்தமாக இருந்தது.

வேலையை வெள்ளவத்தை அறையில்தான் செய்தேன். வீட்டுக்காரி பரமேஸ்வரி அக்கா பெரிய சைவப்பழம். வீட்டுக்குள் முட்டை வரக்கூடாது, வெங்காயத்துக்கே செவ்வாய், வெள்ளியில் தடை. நான் குளிக்கப் போன நேரம் பார்த்து அறை கூட்ட வந்தவர், மேசையில் ருத்திராட்சம் அணிந்து நீட்டி நிமிர்ந்து கிடந்த முள்ளந்தண்டைக் கண்டுவிட்டார். நான் திரும்பி வந்தபோது விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, கும்பிடுவதா கூச்சலிடுவதா என்று தெரியாமல் கைகளைப் பாதியில் வைத்துக்கொண்டு நின்றார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையால் தடுத்து, மிகவும் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, சும்மா எலும்பெண்டால் இந்த வீட்டுக்குள்ள வைக்கேலாது. ஆரும் சாமியாரெண்டால் சாமியறையில வைப்பம். எது எண்டு இப்பவே சொல்லும்."

நிற்காத ரயில்

பராசிம்பதெட்டிக் அப்படியில்லை. அதற்குச் சங்கிலியும் கிடையாது, மணியும் கிடையாது. தலையிலிருந்து கொஞ்சம், முண்ணாணின் அடிவாலிலிருந்து கொஞ்சம், நடுவில் ஒன்றுமில்லை. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு சோடி நரம்புகளில் மூன்றாம், ஏழாம், ஒன்பதாம், பத்தாம் நரம்புகளோடு சேர்ந்து வெளியே வருகிறது. கண்மணியைச் சுருக்குவது மூன்றாவது. உமிழ்நீரை வரவழைப்பது ஏழும் ஒன்பதும். பத்தாவதாகிய வேகஸ் கழுத்தால் இறங்கி நெஞ்சைக் கடந்து வயிறுவரை போய்விடும். இந்த நரம்புகள் போகவேண்டிய உறுப்பின் வாசலுக்குப் போகும் வரைக்கும் ஆள் மாறுவதில்லை.

இதைச் சொல்ல ரயிலைத் துணைக்கு அழைத்தேன். சிம்பதெட்டிக், கோட்டை ஸ்டேஷனில் ஏறிப் பக்கத்து ஸ்டேஷனிலேயே இறங்கி, அங்கிருந்து வேறு வண்டியில் நெடுந்தூரம் போகிறவனைப் போல. பராசிம்பதெட்டிக், கோட்டையில் ஏறினால் ஊர்வரைக்கும் அதே வண்டியில் போய், கடைசியில் வாசல்வரை நாலடி நடப்பவனைப் போல. வகுப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் என் உவமையில் கொஞ்சம் பெருமைதான். சபாநாதன் மட்டும் எழுதுவதை நிறுத்தி யோசித்துக்கொண்டிருந்தான். தினமும் என்னோடு வெள்ளவத்தையிலிருந்து கரையோர ரயிலில் வந்து போகிறவன் அவன். பிறகு கையை உயர்த்தினான்: "சேர், அப்ப வேகஸ் வெள்ளவத்தையில நிக்காதோ?"

படிக்கட்டின் கீழ் ஒரு செய்முறை வகுப்பு

கொட்டாஞ்சேனை துறைமுகத்துக்குக் கிட்ட. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பேச்சு அடிபட்ட நாட்களில் சைரன் கேட்டாலே சனம் பாதி உயிராகிவிடும். ஒருநாள் காலையில் வகுப்பு நடக்கும்போது சைரன் ஊதியது. ஓடிப்போய் மாடிப்படிக்குக் கீழே எல்லோரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கீழ்க்கடையில் சைக்கிள் திருத்தும் சிங்களவர் சோமபாலவும் எங்களோடு வந்து ஒண்டினார்.

எனக்கும் பயம்தான். ஆனால் பயப்பட்டுக்கொண்டு சும்மா இருப்பதைவிடப் படிப்பிப்பது சுலபமாக இருந்தது. பக்கத்திலிருப்பவனின் கண்மணியைப் பாருங்கள், விரிந்திருக்கிறது என்றேன். கைமயிரைப் பாருங்கள், எழும்பி நிற்கிறது. உள்ளங்கையைத் தொடுங்கள், வியர்வை. நாடியைப் பிடியுங்கள். எல்லாம் சிம்பதெட்டிக் செய்கிற வேலை. இவ்வளவு சுத்தமான செய்முறை எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. ஹனிபாவிடம் வாய் எப்படி என்று கேட்டேன். அவன் வாயைத் திறந்து காட்டினான், சொல்ல முடியவில்லை. பரீட்சை மேசைக்கு முன்னால் அவனுக்கு நடப்பது இதுதான் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. மற்றவர்களுக்குக் குண்டுக்கு வருவது அவனுக்குக் கேள்விக்கு வருகிறது. கடைசியில் அது வெறும் ஒத்திகைச் சைரன் என்று தெரிந்து எல்லோரும் எழுந்தோம். அதுவரையிலும் சோமபால என் கையிலேயே தன் நாடியைக் கொடுத்துவிட்டு இருந்தார். எழும்பும்போது தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "மாத்தயா, குண்டு விழுந்தா எல்லாம் செத்துப்போறது. அப்ப பாடம் யாருக்கு?"

ஜாடிகளுக்கு நடுவே

ஹனிபாவின் தகப்பன் காதர் நானா என்னைக் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். கடை முழுக்க ஜாடிகள். தேசிக்காய், மாங்காய், மிளகாய், கலவன் அச்சாறு. ஸ்டூல் ஒன்றைத் துடைத்துப் போட்டு, "இரிங்க மாஸ்டர்" என்றார். மகன் மெடிக்கல் கொலிஜுக்கு எடுபட்ட நாளிலிருந்து தெருவில் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "டொக்டர்ட வாப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று அவரே சொன்னார். பெருமைக்காக அல்ல. இனி அந்தப் பெயரை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இவன் தவறிவிட்டால் இந்தத் தெருவால் நடக்க ஏலாது என்றார். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவனுக்குப் படிப்பில் குறையில்லை, பயத்தில் வாய் வறண்டு போகிறது, அது மனிதன் சொன்னால் கேட்காத நரம்புகளின் வேலை என்று விளங்கப்படுத்தினேன். இரண்டு பிரிவுகளையும் சொன்னேன். குடலின் சுவருக்குள்ளேயே தனியாக ஒரு நரம்பு வலை இருப்பதையும், அதை மூன்றாவது பிரிவாகச் சேர்க்கிறவர்கள் இருப்பதையும் சொன்னேன். வாத்தியார் வேலை பார்ப்பவனுக்கு நிறுத்தத் தெரியாது. அவர் ஜாடி மூடியைத் துடைத்தபடியே கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "செல்லிக் கேக்காத நரம்பெண்டு நீங்களே செல்றீங்க. அப்ப அதுக்கிட்ட செல்லாம, எதுக்கு மாஸ்டர் என்ட மகன்ட்ட செல்லிக்கொண்டு ஈக்கிறீங்க?"

ட்ராம் பயணம்

அவர் கேட்டது நியாயம் என்றே எனக்குப் பட்டது. நரம்பிடம் நேரே பேச முடியாது. ஆனால் தந்திரம் செய்யலாம். நான் பரீட்சகராக உட்கார்ந்து ஹனிபாவைக் கேள்வி கேட்டேன். ஒரு மிடறு தண்ணீர் குடிக்க விட்டால் அவனுக்கு நாக்குப் புரண்டது. ஒரு மிடறுக்கு ஒரு பதில் என்று பழகிக்கொண்டான். பரீட்சை மேசையில் தண்ணீர்க் கிளாஸ் வைத்திருப்பார்கள், பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன். பரீட்சைத் திகதி வந்தது. நோன்பு மாதத்துக்கு நடுவில்.

நோன்பை விட முடியாது என்று ஹனிபா சொல்லிவிட்டான். தண்ணீர் தொண்டைக்குள் இறங்கக்கூடாது. வற்புறுத்த எனக்கு உரிமையில்லை. சபாநாதனுக்கு ஒரு யோசனை வந்தது. பிரயாணம் போகிறவர்கள் நோன்பை வேறு நாளுக்கு மாற்றலாமாமே, பரீட்சைக்காகப் பொரளைக்குப் போவதும் பிரயாணம்தானே என்றான். நல்ல மனத்தோடுதான் சொன்னான். ஹனிபா சிரிக்கவில்லை. "ட்ராமில பொரளைக்குப் போறத்த அல்லா பிரயாணமெண்டு எடுக்கமாட்டான் மச்சான்."

பின்வாசல்

பரீட்சை நெருங்க நெருங்க எனக்கு நித்திரை குறைந்தது. டியூஷன் மாஸ்டருக்கு இது அழகல்ல. வாங்கின காசுக்குப் பாடத்தைச் சொல்லிவிட்டுப் போவதுதான் என் கொள்கை. இவன் விஷயத்தில் அந்தக் கொள்கை வேலை செய்யவில்லை. இவ்வளவு தெரிந்த ஒருவன் எச்சில் இல்லாத குறையினால் ஊறுகாய்க் கடைக்குத் திரும்புவதை நினைக்க எனக்கு ஆத்திரமாக இருந்தது.

விடை ஊறுகாய்க் கடையிலேயே இருந்தது. காதர் நானாவோடு பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்தது. பசியில்லை, ஆசையுமில்லை. ஜாடியைப் பார்த்தேன், வாய் ஊறியது. வாய்க்குள் ஒன்றும் போகத் தேவையில்லை. கண்டால் போதும், சிலருக்கு நினைத்தாலே போதும். மூளையிலிருந்து ஏழாம் ஒன்பதாம் நரம்புகளுக்குச் செய்தி போய்விடும், சுரப்பி திறந்துவிடும். முன்வாசலில் விடாத வீட்டுக்குப் பின்வாசலால் போகிற வழி இது. ஹனிபாவிடம் சொன்னேன்: பரீட்சகர் கேள்வி கேட்டதும் பதிலை நினைக்காதே, ஊறுகாயை நினை, பதில் தானாக வரும். அவன் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முகம் ஒருபக்கமாகச் சுளித்தது, தொண்டை ஏறி இறங்கியது. அவன் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி: "சேர், இதால நோன்பு முறியுமா?"

மேசைக்கு முன்னால்

சொந்த எச்சிலை விழுங்கினால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஸரத்திடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டான். பரீட்சையன்று நான் வெள்ளவத்தையில் இருந்தேன். பரமேஸ்வரி அக்கா சோறு போட்டார். இறங்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. யாரோ வீட்டுப் பிள்ளைக்காக என் வயிறு ஏன் இப்படிச் செய்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதைப் பற்றி ஒரு மணித்தியாலம் விரிவுரை செய்வேன். அதனால் வயிறு அடங்கவில்லை.

நடந்ததை ஹனிபா பின்னேரம் வந்து சொன்னான். பரீட்சகர் இரண்டு பேர். மூத்தவர் எடுத்த எடுப்பிலேயே ஒட்டோனோமிக் சிஸ்டத்தின் பெரிய பிரிவுகளைச் சொல்லு என்றார். இத்தனை நாளும் படித்த பாடம். வாய் மரப்பலகை மாதிரி வறண்டுவிட்டது. அவர் இரக்கப்பட்டுத் தண்ணீர்க் கிளாஸைத் தள்ளிவைத்தார். இவன் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். அவர் முகம் மாறியது. திமிர் என்று நினைத்திருப்பார். இளையவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஹனிபா கண்ணை மூடி ஊறுகாயை நினைத்தான். வரவில்லை. இன்னொருதரம் நினைத்தான். வந்தது, வேண்டிய அளவுக்கு மேலேயே வந்தது. விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தவன், அந்த நேரத்தில் தன் வாய்க்குள் நடப்பதிலிருந்தே தொடங்கினான். ஏழாம் நரம்பு, ஒன்பதாம் நரம்பு, அங்கிருந்து மூன்று, பத்து, பிறகு அடிவால், பராசிம்பதெட்டிக் முடிந்து சிம்பதெட்டிக் சங்கிலி, மணி, நெஞ்சு, இடுப்பு என்று மேசையில் விரலால் கீறிக்கொண்டே போய், குடல்வலையையும் சொல்லி நிறுத்தினான். மூத்தவர் பேனாவை மூடிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னதை அவன் அப்படியே தமிழில் எனக்குச் சொன்னான்: "எல்லோரும் தலையில் தொடங்குவார்கள், நீர் வாயில் தொடங்கிவிட்டீர். பரவாயில்லை, வாயும் தலையில்தான் இருக்கிறது."

டொக்டர்ட வாப்பா

நோன்புப் பெருநாள் கழிந்து முடிவு வந்தது. ஹனிபா பாஸ். சபாநாதனும் எப்படியோ பாஸ். வாழ்த்துச் சொல்ல ஊறுகாய்க் கடைக்குப் போனேன். தெருவே கடை வாசலில் நின்றது. "டொக்டர்ட வாப்பா" என்று ஆளுக்கு ஆள் கூப்பிட்டுக் கைகொடுத்தார்கள். காதர் நானா எல்லோருக்கும் சிரித்துக் கைகொடுத்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏதோ குறைந்திருந்தது. கூட்டம் கலைந்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, என்னை உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்தார். பாஸான சந்தோஷத்தில் மகன் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் வீட்டில் சொல்லியிருக்கிறான். முதல் தரம் அவன் நினைத்தது தகப்பனின் தேசிக்காய் ஊறுகாயைத்தான். பிறந்தது முதல் அந்த ஜாடிகளுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு அதை நினைத்து ஒரு சொட்டும் வரவில்லை. இரண்டாம் தரம் நினைத்தது, தகப்பனுக்குப் போட்டியான ஜிந்துப்பிட்டிச் செட்டியார் கடை மாங்காய் ஊறுகாயை.

உடம்பு பழகிய வாசனையைக் கண்டுகொள்ளாது, அது எல்லோருக்கும் உள்ளதுதான், உங்கள் சரக்கில் குறையில்லை என்றெல்லாம் சொன்னேன். இரண்டு பிரிவுகளையும் திரும்ப விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஜாடியை எடுத்து, திறந்து, தானே மோந்து பார்த்து, மூடி வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவன் பாஸானது எனக்குப் பெரிய சந்தோசம் மாஸ்டர், அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா அந்தச் செட்டியார நெனச்சித் தொறந்த நரம்புக்கு, வாப்பா ஆரெண்டு தெரியாதா?"

நரம்பைப் படிப்பித்து ஒரு பிள்ளையைக் கரையேற்றிவிடலாம், அந்த நரம்பு செய்த வேலைக்காகப் பிள்ளையைப் பெற்றவருக்குச் சமாதானம் சொல்வது எப்படி என்பதைத்தான் எங்கள் தொழிலில் ஒருவரும் ஒருவருக்கும் படிப்பித்ததில்லை.